வயலிலே பிறந்த மாநகரம்

சில மாதங்களுக்கு முன்னர், ஆசிரிய நண்பர் ஒருவர் தம் வகுப்பில் நிகழ்ந்ததொன்றை என்னிடம் சொல்லி வருந்தினார். நைல் நதி எங்கே பிறக்கின்றது என்று அவர் வினவினாராம். பல கைகள் உயர்ந்தன. மகாவலி எங்கே கடலிற் கலக்கின்றது என்று வினவினாராம். அதற்கும் விடை குறைவின்றி வந்தது. பின்னர் யன்னலுக்கு வெளியே கைகாட்டி, “அதோ தெரியும் அந்த வயலுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது?” என்று கேட்டாராம். வகுப்பு அமைதியாயிற்று. கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவன் மட்டும் எழுந்து, “வாய்க்காலில் இருந்து, சேர்” என்றானாம்.

அவ்விடையைப் பிழையென்று சொல்லிவிட முடியாது. ஆயினும், அந்த வாய்க்காலுக்கு அப்பால் அவனுடைய அறிவு செல்லவில்லை. அவனை நோவதற்கு நமக்கு உரிமையும் இல்லை. நம்முள் எத்தனை பேர் அதற்கு அப்பாற் சென்றிருக்கின்றோம்? நாம் வாழும் ஊர் எவ்வாறு தோன்றிற்று, எதனால் வளர்ந்தது, அதனை ஆளும் சபை எங்கிருந்து வந்தது என்பனவற்றை எந்தப் பாடநூலில் நாம் படித்தோம்? நம் பிள்ளைகளுக்கு எந்த நூலை எடுத்துக் கொடுப்போம்? இவ்வினாக்களை மனத்திற் கொண்டே கல்முனை மாநகரசபையைப் பற்றிச் சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விரும்புகின்றேன்.

பெயரும் பொருளும்

கல்முனை 2001ஆம் ஆண்டில் மாநகரசபையாயிற்று. மாநகரம் என்றவுடன் கொழும்பும் கண்டியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வடக்கே பெரியநீலாவணை தொடங்கித் தெற்கே சாய்ந்தமருது வரை கடற்கரையோரமாக நடந்து வருபவர் ஒருவர், தாம் ஒரு நகரத்தினூடே வருவதாக உணரமாட்டார். ஊர் ஊராகக் கடந்து வருவதாகவே உணர்வார். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனக் கரையோர ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. உட்புறத்தே நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும் இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடலில், 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1 இலட்சம் மக்கள். முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்த ஊர்களில், சிலவிடங்களில் அடுத்தடுத்த வேலிகளில், வாழ்கின்றனர்.

இவ்வூர்களின் பெயர்களைச் சற்றே ஊன்றி நோக்குங்கள். மருதமுனையும் சாய்ந்தமருதும் மருத மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மருதம் வயலும் வயல் சார்ந்த இடமும் என்பதனைத் தமிழ் படிப்போருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சேனைக்குடியிருப்பின் பெயரில் காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரின் நினைவு இருக்கின்றதென்பர். பாண்டவர் இருப்பே பாண்டிருப்பாயிற்று என்று சொல்லும் மக்கள், திரௌபதையம்மன் கோயிலிலே இன்றும் தீ மிதிக்கின்றனர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறுகின்றது. மருதமுனையின் தறிகளில் நெய்த துணி நாடெங்கும் அறியப்பட்டது. வயல், வலை, தறி என்னும் இம்மூன்றுமே இவ்வூர்களுக்குச் சோறு போட்டன. மாநகரம் என்னும் பெயர் இவற்றின் மேலே பிற்காலத்தில் ஏற்றி வைத்த பலகையாகும்.

சபை பிறந்த கதை

இச்சபையின் முன்னோர் யார்? 1987ஆம் ஆண்டிலே பிரதேச சபைச் சட்டம் வருவதற்கு முன்னர், இன்றைய மாநகர எல்லைக்குள் நான்கு சபைகள் இருந்தன. ஒன்று கல்முனைப் பட்டினசபை. ஏனைய மூன்றும் கரைவாகு வடக்கு, கரைவாகு தெற்கு, கரைவாகு மேற்கு என்னும் கிராமசபைகள். நால்வருள் மூவர் கிராமங்கள்! அவை தாங்கிய பெயரும் நகரத்தின் பெயரன்று; கரைவாகு என்னும் பழைய பற்றின் பெயரே அது. அப்பெயர் ‘கரைவாகு வட்டை’ என வயல்வெளியில் இன்றும் வழங்கிவருகின்றது. சபைகளின் பெயர்களிலிருந்து மட்டும் மறைந்துவிட்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், கிராமசபை என்னும் அமைப்பே வயலிலிருந்துதான் தோன்றிற்று என்பதனைக் காணலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் சேர் ஹென்றி வாட் ஆளுநராய் இருந்தபோது, 1856ஆம் ஆண்டில் நெற்காணி நீர்ப்பாசனம் பற்றிய கட்டளைச் சட்டமொன்று பிறந்தது. வாய்க்கால் வெட்டுதல், வேலி கட்டுதல், நீர் பங்கிடுதல் முதலியவற்றில் உழவர்களிடையே பண்டு தொட்டு நிலவிய வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பித்து நடைமுறைப்படுத்துதலே அதன் நோக்கம். உழவர்கள் கூடி விதி செய்யவும், அவ்விதியை மீறியோரை விசாரிக்கவும் அது வழி செய்தது. 1871ஆம் ஆண்டிலே வந்த கிராமச் சங்கக் கட்டளைச் சட்டம் அவ்வழியை மேலும் அகலமாக்கிற்று. கிராமசபை, பட்டினசபை, பிரதேச சபை, மாநகரசபை என்பனவெல்லாம் அதற்குப் பின் வந்த படிகளே.

சட்டத்துக்கு முன்னரே வழக்கம் இருந்தது. வயல்வெளி வட்டைகளாய்ப் பிரிந்திருந்தது. வட்டைக்கு ஒரு வட்டவிதானையார் இருந்தார். எந்த நாளில் மதகு திறப்பது, எந்த நாளில் விதைப்பது, எந்த நாளுக்குப் பின் வயலில் மாடு இறங்கக் கூடாது என்பன உழவர் கூட்டத்திலே முடிவாயின. போடியாரும் முல்லைக்காரனும் வயற்காரனும் ஓரிடத்தே கூடினர். மேல் வரம்புக்காரன் முஸ்லிமாகவும் கீழ் வரம்புக்காரன் தமிழனாகவும் இருந்த இடங்கள் பல. மேல் வரம்பில் நீரை மறித்தால் கீழ் வரம்பு காயும். கீழே வடிகாலை அடைத்தால் மேலே வெள்ளம் நிற்கும். ஆதலின், மனம் ஒத்தாலும் ஒவ்வாவிட்டாலும் வேளாண்மைக்கு வேண்டிய அளவேனும் அவர்கள் ஒத்துப்போகவேண்டியிருந்தது. உள்ளூராட்சி என்று இன்று நாம் பெரிய சொல்லால் அழைப்பதன் முளை அதுவே என்பது என் கருத்து.

களவெட்டியிலே நெல்லையும் மாட்டையும் அன்றாடப் பெயரால் அழையாமல் வேறு பெயரால் அழைக்கும் வழக்கம் இரு சமூகத்தாருக்கும் உரியதாய் இருந்தது. தாய்வழி வரும் ‘குடி’ முறையும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் மரபும் அவ்வாறே இரு சமூகத்தாருக்கும் பொதுவாயின. வேதம் வேறு; விழா வேறு; ஆயினும் வரம்பிலும் வாசலிலும் ஒரே இலக்கணம் வழங்கிற்று.

ஆற்றின் வழி

வகுப்பறையில் எழுந்த வினாவுக்கு இப்பொழுது வருவோம். அந்த வயலுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது?

தமிழில் பட்டிப்பளை என்றும் சிங்களத்தில் கல்லோயா என்றும் பெயர்பெற்ற ஆறு, ஊவா மலைகளிலிருந்து இறங்கிக் கிழக்கே வருகின்றது. 1949ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் அவ்வாறு இங்கினியாகலையில் அணைகட்டி மறிக்கப்பட்டது. அவ்வாறு தோன்றிய நீர்த்தேக்கம் சேனாநாயக்க சமுத்திரம் எனப் பெயர்பெற்றது. அதன் இடதுகரை வாய்க்கால் வழியே வரும் நீர் முதலிற் குடியேற்றக் கிராமங்களின் வயல்களிற் பாய்ந்து, பின்னர் கரையோரத்து முஸ்லிம், தமிழ் உழவர்களின் வயல்களுக்கு வருகின்றது. நாம் வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கின்றோம். மழை குன்றிய ஆண்டிலே முதலில் வாடுவதும், மழை மிகுந்த ஆண்டிலே முதலில் மூழ்குவதும் கடைக்கோடியே.

அத்திட்டத்தோடு நிலத்தின் கணக்கும் மாறிற்று. 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. தலைநகரம் உள்நாட்டிலே அமைந்தது. அதுவரை மட்டக்களப்புக் கச்சேரியை நோக்கி நடந்த கரையோர மக்கள், அதன் பின்னர் அம்பாறைக் கச்சேரியை நோக்கி நடந்தனர். ஆற்றைப் பற்றிய முடிவும், காணியைப் பற்றிய முடிவும், எல்லையைப் பற்றிய முடிவும் அவர்களின் கூட்டங்களை விட்டு அகன்றன. இன்று நீருக்கு ஒரு திணைக்களம், கமத்துக்கு ஒரு திணைக்களம், காணிக்கு ஒரு செயலகம் என ஆயிற்று. சபைக்கு எஞ்சியவை தெருவிளக்கும், சந்தையும், குப்பையும், வரியும். சபையின் பெயர் உயர உயர, அதனைப் பெற்ற வயல் அதன் கண்ணிலிருந்து மறைந்தது. மாநகர எல்லையின் மேற்குப் புறத்தே மண் கொட்டி நிரப்பப்படும் வயல்களைக் கண்டு இன்று நமக்கு வியப்பு ஏற்படுவதில்லை என்றால், காரணம் இதுவே.

எல்லைப் பூசல்

இந்நிலையில்தான் எல்லைப் பூசல் எழுந்தது. தங்களுக்குத் தனியான சபை வேண்டும் என்று சாய்ந்தமருது மக்கள் 2017ஆம் ஆண்டில் கடையடைத்துக் கோரினர். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழு அவ்வூரின் பெருவாரியான வாக்குகளைப் பெற்றது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகரசபை அளித்து வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களுக்குள்ளேயே அது நிறுத்திவைக்கவும்பட்டது. மறுபுறத்தே, கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ளதாகத் தரமுயர்த்துமாறு தமிழ் மக்கள் 2019 ஜூனில் உண்ணாநோன்பு இருந்தனர். அதனை எதிர்த்து முஸ்லிம் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். மாநகரசபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. 2025 மே மாதத்தில் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும், நீதிமன்ற வழக்கின் காரணமாகக் கல்முனைக்குத் தேர்தல் நடைபெறவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கு வரவில்லை. தன் ஊர் தன் கையில் இருக்கவேண்டும் என்று விரும்புவது குற்றமாகாது. பழைய நான்கு சபைகளும் மீளவேண்டும் என்போரிடத்தும் நியாயம் உண்டு. பிரிந்தால் தம் பங்கு குறையும் என்று அஞ்சுவோரிடத்தும் நியாயம் உண்டு. நான் கேட்பது வேறொன்று. இப்பூசலில் வீதி பேசப்படுகின்றது; வாக்கு பேசப்படுகின்றது; கடைத்தெருவின் வருமானம் பேசப்படுகின்றது. வாய்க்கால் பேசப்படுகின்றதா? தோணா பேசப்படுகின்றதா? வெள்ளம் வடியும் வழி பேசப்படுகின்றதா?

2024 நவம்பர் 26ஆம் திகதியை நாம் மறக்கலாகாது. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் குறுக்கறுத்த வீதியிலே உழவு இயந்திரமொன்று அள்ளுண்டு போயிற்று. அதில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர் சிலரும் உடன் சென்றோரும் உயிரிழந்தனர். அப்பிள்ளைகள் ஓதிய இடம் நிந்தவூரில், வீடு சம்மாந்துறையில், நீர் பாய்ந்த வீதி காரைதீவுப் பக்கத்தில். மூன்று சபைகளின் எல்லைகள், ஒரே வெள்ளம். நீர் எந்தச் சபையிடமும் அனுமதி கேட்டுப் பாய்வதில்லை. பண்டைய உழவர் இதனை அறிந்திருந்தனர். ஆதலினாற்றான் அவர்கள் தம் எல்லைகளை நீரின் போக்கைப் பார்த்து வகுத்தனர்.

பிற நாட்டார் செய்தது

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு நாட்டின் எடுத்துக்காட்டு நமக்கு உதவும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் கோதுமை விளையும் சமவெளி. அங்கே கிராமிய மாநகராட்சி என்று சொல்லத்தக்க நூற்றுக்கணக்கான சபைகள் உண்டு. அவற்றுட் பலவற்றின் எல்லைகள் அளவுகோலை வைத்துக் கீறியவை. பக்கத்துக்கு 18 மைல் கொண்ட சதுரங்கள். அந்நிலத்தில் வந்து குடியேறியோரின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே மேற்பட்டது. ஆயினும், 1905ஆம் ஆண்டில் உருவான அம்மாகாணம் 1980ஆம் ஆண்டிலே தன் 75ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது, ஊருக்கு ஊர் மக்கள் கூடித் தத்தம் ஊர் வரலாற்றை நூலாக்கினர். முதல் ஏர் பூட்டியவர் யார், முதற் பாடசாலை எது, எந்த ஆண்டில் பஞ்சம் வந்தது என்பவற்றை உழவரும் ஆசிரியரும் இல்லத்தரசியருமே எழுதினர்.

அந்நூல்களிலே குறையும் உண்டு. குடியேறியோர் வருமுன் அந்நிலத்தில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் கதை பலவற்றில் ஓரிரு பக்கங்களோடு நின்றுவிட்டது. எழுதியவன் தன்னை மட்டும் எழுதினால் வரலாறு அரைகுறையாகும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம். அவர்களிடமிருந்து செயலையும் கற்போம், குறையையும் கற்போம்.

நம்மிடம் முயற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. எப். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டில் ‘மட்டக்களப்பு மான்மியம்’ பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதினார். 1975ஆம் ஆண்டில் மறைந்த கவிஞர் நீலாவணன் இப்பகுதி உழவரின் வாழ்வை ‘வேளாண்மை’ என்னும் காவியமாக்கினார். அது அவர் மறைந்தபின்னரே நூலாயிற்று. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றிலே தங்கி, நம் குடிமுறையையும் கோயில், பள்ளி வழக்கங்களையும் பல்லாண்டு ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலே பெருநூல் வெளியிட்டார். இவை நமக்குப் பெருஞ்செல்வம். ஆனால், ஒரு சபையின் எல்லைக்குள் வாழும் முஸ்லிமும் தமிழரும் ஒருங்கிருந்து எழுதிய ‘எங்கள் ஊர்’ என்னும் நூல், பாடசாலை மாணவன் கையிலே எடுத்துப் படிக்கத்தக்க நூல், எங்கே இருக்கின்றது?

காலம் குறைவு

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளி ஓடுகளையும் ஓலைகளையும் மட்டுமன்றி, ஓலைப் பெட்டிகளில் இருந்த ஏடுகளையும் கொண்டுபோயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளிலே வீட்டோடு காணி உறுதிகளும், குடும்பப் படங்களும், பழைய கணக்கேடுகளும் போயின. அவற்றை நினைவில் வைத்திருந்த முதியோரும் போயினர். எஞ்சியுள்ள முதியோரும் ஒவ்வொருவராய் நம்மை விட்டுப் பிரிகின்றனர். வட்டவிதானையாராய் இருந்த ஒருவர் மறையும்போது, எழுதப்படாத சட்டப் புத்தகமொன்று மண்ணுக்குள் போகின்றது.

ஆகவே, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலக்கிய வட்டத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். மாநகர எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு பாடசாலையும் ஒரு வட்டையை, ஒரு வாய்க்காலை, ஒரு தொழிலைத் தன் பொறுப்பாக ஏற்கட்டும். மாணவர்கள் முதியோரிடம் சென்று கேட்கட்டும். முஸ்லிம் மாணவன் தமிழ் உழவரையும், தமிழ் மாணவன் முஸ்லிம் மீனவரையும் நாடிச் சென்று கேட்கட்டும். கேட்டவற்றைக் கேட்டவாறே எழுதட்டும். அவ்வூர்ச் சொற்களைத் திருத்தாமல் எழுதட்டும். பழைய கிராமசபைகளின் கூட்டக் குறிப்புகள் எஞ்சியிருப்பின், மாநகரசபை அவற்றைத் தேடியெடுத்து நூலகத்திலே ஓர் அலுமாரி ஒதுக்கிப் பேணட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படம் வரைவோம். அதிலே வார்டும் வீதியும் வேண்டாம். இங்கினியாகலையிலிருந்து நம் கரை வரை நீர் வரும் வழியும், நம் கரையிலிருந்து கடலுக்கு நீர் வடியும் வழியும் மட்டும் இருக்கட்டும்.

அவ்வரலாற்றிலே இனிய செய்திகள் மட்டும் இடம்பெற வேண்டும் என்று நான் கூறேன். 1956ஆம் ஆண்டிலே கல்லோயாப் பள்ளத்தாக்கில் சிந்திய குருதியும், 1985ஆம் ஆண்டிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே எரிந்த நெருப்பும், 1990ஆம் ஆண்டிலே இரு சமூகத்தாரும் உயிரும் வீடும் இழந்த துயரும் அதில் இடம்பெறவேண்டும். ஒவ்வொரு சமூகமும் தன் துயரை மட்டும் நினைந்து, பிறர் துயரை மறந்தமையாலேயே இன்று எல்லைக்கோடு நெருப்புக்கோடாய்த் தெரிகின்றது. இருவர் துயரும் ஒரே நூலிலே, எதிரெதிர்ப் பக்கங்களிலே இருக்குமாயின், அப்பக்கங்களை மூடும்போது அவை ஒன்றையொன்று தொடும்.

எல்லை நிர்ணயம் செய்வோர் இன்றோ நாளையோ வருவர். ஒரு சபையாகவே வைப்பினும், நான்காய்ப் பிரிப்பினும், அவர்கள் கையில் வாக்காளர் பட்டியலும் வரைபடமும் இருக்கும். அவற்றோடு நாம் எழுதிய வரலாறும் அவர்கள் மேசையில் இருத்தல் வேண்டும். வரலாறறிந்து கீறிய கோடு வயல் வரம்பு போன்றது. அதன்மேல் இருபுறத்தாரும் நடந்து போகலாம். வரலாறறியாது கீறிய கோடு முள்வேலியாய்விடும்.

நண்பரின் வகுப்பிலே எழுந்து நின்ற அந்த மாணவனை மீண்டும் நினைக்கின்றேன். “வாய்க்காலில் இருந்து” என்றவன், தன்னளவில் சரியான திசையையே காட்டினான். அவனை அழைத்துக்கொண்டு அந்த வாய்க்கால் வழியே மேல்நோக்கி ஒரு நாள் நடப்போம். சில மைல் சென்றால் அவனுக்கு அவன் ஊரின் கதை கிடைக்கும், நமக்கும் கிடைக்கும்.